தாத்தா பெயர் தெரியாத குதிரை

கோடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை ஏறாமல் ஊர் திரும்புகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, முதுகுவலிக்காரர்கள். மற்றொன்று, என்னைப் போலக் கனம் பொருந்தியவர்கள். குதிரையைக் கண்டால் நான் ஒதுங்கி நிற்பதற்குப் பயம் காரணமல்ல, ஜீவகாருண்யந்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

என் அக்காள் மகள் ராஜிக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. ஒன்பது வயது, ஈர்க்குச்சி உடம்பு. போன கோடை விடுமுறையில் எல்லோருமாகக் கோடைக்கானல் போயிருந்தபோது, வந்து இறங்கிய அன்றைக்கே குதிரை மேல் ஏறியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கையிலே ஒரு நோட்டுப் புத்தகம் வேறு. பள்ளிக்கூடத்தில் லீவுக்கு வீட்டுப் பாடம் கொடுத்திருந்தார்கள்: குடும்பத்தின் வம்ச விருட்சம் வரைந்துகொண்டு வர வேண்டுமாம்.

அந்த விருட்சத்தில் ஒரு பக்கம் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டது. பழைய வீட்டுப் பத்திரத்தைப் பிரித்தால் போதுமே, இன்னார் குமாரர் இன்னார், அவர் குமாரர் இன்னார் என்று நான்கு தலைமுறைக்கு வரிசையாக இருக்கிறது. அம்மாக்கள் பக்கம் வந்தபோதுதான் வண்டி நின்றது. ராஜியின் கொள்ளுப் பாட்டி பெயர் என்ன? என் அம்மா யோசித்தாள், அக்காள் யோசித்தாள், நானும் யோசித்தேன். “தொட்டியத்துப் பாட்டி” என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தொட்டியம் அவள் பிறந்த ஊர். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

இந்த மனத்தாங்கலோடு குதிரை ஏறியவள், குதிரைக்காரரையும் விட்டு வைக்கவில்லை.

“இந்தக் குதிரையோட தாத்தா யாரு?”

குதிரைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

“தாத்தாவா? நல்லாக் கேட்டே பாப்பா! இதுக்கு அப்பன் யாருன்னே தெரியாதே. ராத்திரி மேய அவுத்து விடுவோம், காலையிலே பிடிச்சுக் கட்டுவோம். எந்தக் குதிரை அப்பன்னு எவன் கண்டான்? ஆத்தாளைத் தெரியும், வேணும்னா சொல்றேன்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் ராஜியின் கேள்வி அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை. குதிரைக்கு வம்ச விருட்சம் உண்டா? உண்டு; அதுவும் மனிதர்களுக்கு இருப்பதைவிடப் பத்திரமாக.

பந்தயக் குதிரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1791-ல் குதிரைகளுக்கென்று ஒரு வம்சாவளிப் புத்தகம் அச்சடித்தார்கள். இன்றைய பந்தயக் குதிரை எதுவானாலும், அப்பனுக்கு அப்பன் என்று மேலே ஏறிக்கொண்டே போனால் மூன்று ஆண்குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும். பயர்லி துருக்கி, டார்லி அரபி, கொடால்பின் அரபி. மூன்றும் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கீழ்த்திசையிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தவை. நம் தொட்டியத்துப் பாட்டி சமாசாரம் இங்கேயும் இருக்கிறது பாருங்கள்: பயர்லி, டார்லி, கொடால்பின் எல்லாம் குதிரைகளின் பெயர்களல்ல, குதிரையை வைத்திருந்த துரைமார்களின் பெயர்கள்!

இது பணக்கார வீட்டுக் கல்யாணம் போல. கோத்திரம், சூத்திரம், ஜாதகம், எல்லாம் கச்சிதமாக இருக்கும். எனக்கு ஸ்வாரஸ்யமாகப் பட்டது இன்னொரு வம்சம். யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டிலே திரிந்த குதிரைகளுக்கு அமெரிக்காவில் ஒருவர் வம்சாவளி எழுத ஆரம்பித்தார். அந்தக் குதிரைகளுக்கு மஸ்டாங் என்று பெயர்.

மஸ்டாங் என்ற சொல் ஸ்பானிய பாஷையிலிருந்து வந்தது. ‘மெஸ்தேன்யோ’ என்றால் உடையவன் இன்னான் என்று தெரியாமல் திரிகிற கால்நடை. நம் கிராமங்களில் ‘பட்டி மாடு’ என்கிறோமே, சாக்ஷாத் அதுதான். மஸ்டாங்கைத் தமிழில் ‘பட்டிக் குதிரை’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், குதிரை இனம் தோன்றி வளர்ந்ததே வட அமெரிக்காவில்தான். அங்கிருந்து ஆசியாவுக்குப் பரவிய பிறகு, சுமார் 10,000 வருஷங்களுக்கு முன்னால், பிறந்த வீட்டில் ஒன்றுகூட இல்லாமல் அற்றுப் போயிற்று. மறுபடியும் அதைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டு போனவர்கள் ஸ்பானியர்கள். 1493-ல் கொலம்பஸின் இரண்டாவது பிரயாணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் குதிரைகள் போயின. 1519-ல் கோர்த்தேஸ் மெக்ஸிகோவில் இறங்கியபோது கூட வந்தவை 16 குதிரைகள். அந்தப் படையில் இருந்த பெர்னால் தியாஸ் என்ற சிப்பாய் பிற்காலத்தில் சரித்திரம் எழுதியபோது, இன்ன நிறம், இன்னாருடையது, நன்றாக ஓடும், ஓடாது என்று அந்தப் பதினாறையும் ஒன்று விடாமல் எழுதி வைத்தார். அதில் ஒரு பெண் குதிரை கப்பலிலேயே குட்டி போட்டதாம். பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய்ச் சேரும் வரைக்கும் பொறுக்க முடியவில்லை, பாவம்.

அந்தப் பதினாறிலிருந்துதான் அத்தனை மஸ்டாங்குகளும் வந்தன என்று கதை கட்டுவோர் உண்டு. அது சரியல்ல. பிறகு கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்கின, பண்ணைகள் பெருகின, கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியவை, மேயப் போய்த் திரும்பாதவை எல்லாம் சமவெளிகளில் மந்தையாகச் சேர்ந்தன. அமெரிக்கப் பூர்வ குடிகள் குதிரைகளைப் பிடித்து வளர்த்தார்கள். 1680-ல் புவெப்லோ மக்கள் ஸ்பானியர்களை விரட்டிய கலகத்துக்குப் பிறகுதான் இது நடந்தது என்று வெகு காலம் எழுதி வந்தார்கள். 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பழைய குதிரை எலும்புகளைப் பரிசோதித்து, அந்தக் கலகத்துக்கு வெகு முன்பே பூர்வ குடிகளிடம் குதிரைகள் இருந்தன என்று காட்டியிருக்கிறது. தாங்கள் பரம்பரையாகச் சொல்லி வந்ததைத்தானே விஞ்ஞானிகள் இப்போது சொல்லுகிறார்கள் என்று அந்த மக்கள் நினைத்தால் தப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மஸ்டாங்குகளுக்குக் கெட்ட காலம். பண்ணைக்காரர்கள் தங்கள் மாட்டுக்குப் புல் போதவில்லை என்று சுட்டார்கள். நாய்த் தீனிக்குக் கறி வேண்டும் என்று லாரி லாரியாகப் பிடித்துப் போனார்கள். மிஞ்சியவற்றிலும் பெரிய உழவுக் குதிரைகள், பட்டாளக் குதிரைகளின் கலப்பு ஏறிவிட்டது. பழைய ஸ்பானியச் சாயல் மூலை முடுக்குகளில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ராபர்ட் பிரிஸ்லான் வருகிறார். இவர் சீமானல்ல, கால்நடை விஞ்ஞானியும் அல்ல. அமெரிக்க நில அளவை இலாகாக்காரர்கள் மேற்கு மலைகளில் ஏறி அளந்தபோது, அவர்களுடைய சாமான்களைப் பொதி ஏற்றி ஓட்டிப் போனவர். மலைப் பாதையில் பெரிய குதிரைகள் நுரை தள்ளி நிற்க, கட்டையாகவும் குட்டையாகவும் இருந்த ஸ்பானிய ஜாதிக் குதிரைகள், கிடைத்ததைத் தின்றுவிட்டு மறுநாளும் நடப்பதை அவர் வருஷக் கணக்கில் கண்ணால் பார்த்தார். இவை அழிந்து போகக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார். வயோமிங் மாகாணத்தில் பண்ணை வைத்து, தம்பி பெர்டினாண்டும் வேறு சிலரும் சேர, 1957-ல் ஸ்பானிய மஸ்டாங் பதிவேட்டைத் தொடங்கினார்.

அந்தப் பதிவேட்டின் மூல புருஷர்களில் இரண்டு பேர் அண்ணன் தம்பிகள்: பக்‌ஷாட், யூட். இவர்களுடைய அப்பன் மான்டி என்ற மஞ்சள் கபில நிறக் குதிரை. 1927-ல் யூட்டா மாகாணத்துக் காட்டில் பிடித்தது. அம்மா பாலி, யூட் மக்களிடமிருந்து வந்த பெண் குதிரை. இதில் மான்டியின் கதை இருக்கிறதே, தொடர்கதைக்காரர்கள் பொறாமைப்பட வேண்டும். பதினேழு வருஷம் மனிதர்களிடம் இருந்துவிட்டு, 1944-ல் ஒரு நாள் தன் பெண் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு மறுபடி காட்டுக்கே ஓடிவிட்டது! பிறகு அதை யாராலும் பிடிக்க முடியவில்லை.

சரி, அந்த மான்டியின் அப்பன் யார்? அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ‘மூல புருஷன்’ என்று நாம் கை கூப்புகிற ஆசாமி எங்கிருந்தோ தனியாகக் குதித்தவனல்ல. எழுதுகிறவன் பேனாவை எடுத்தபோது எதிரே நின்றவன், அவ்வளவுதான். பிரிஸ்லான் எழுதியிராவிட்டால் மான்டியும் பாலியும் பத்தோடு பதினொன்றாக நாய்த் தீனியாகியிருந்தாலும் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

மறுநாள் காலை நான் ஏரிக்கரைக்குப் போகாமல் வட்டக்கானல் பக்கம் நடந்தேன். அங்கிருந்து வெள்ளகவிக்கு ஒரு பாதை இறங்குகிறது. வெள்ளகவி மலைச் சரிவில் இருக்கிற பழைய கிராமம். ஊருக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க மாட்டார்கள். ஊரே கோயில் என்று மரியாதை. நெடுங்காலம் வண்டிப் பாதை இல்லாமலே வாழ்ந்த ஊர். காப்பியும் எலுமிச்சையும் மேலே போனதும், அரிசியும் உப்பும் உள்ளே வந்ததும் குதிரை முதுகில், இல்லாவிட்டால் மனிதர் தலையில். நான் அவ்வளவு தூரம் இறங்கவில்லை. இறங்கினால் ஏற வேண்டுமே! பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு பொதிக் குதிரைகள் சாக்கு மூட்டையோடு மேலே ஏறி வந்தன. குதிரைக்குப் பின்னால் ஒரு அம்மாள், தலையில் முக்காடு, கையிலே ஒரு குச்சி. குதிரை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் காலை வைத்தது. மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கிற்று.

1821-ல் லெப்டினென்ட் வார்டு என்ற ஆங்கில நில அளவைக்காரர் இந்த வெள்ளகவியில் முகாம் போட்டுத்தான் கோடைக்கானலுக்கு ஏறி வந்து மலையை அளந்தார். வார்டின் பெயரும் வருஷமும் சரித்திரத்தில் இருக்கின்றன. அங்கே அமெரிக்காவில் நில அளவைக்காரரின் பொதியை ஓட்டியவரே பேனா எடுத்தார். இங்கே அந்த மாதிரி ஒருவர் எடுக்கவில்லை.

1845-ல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள், கீழே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. இன்றைய கோடைக்கானல் ரோடு ஸ்டேஷன் அதுதான். அங்கே இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் ஆடி ஆடி, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து மலை ஏற வேண்டும். துரைசானிகளுக்கு டோலி, துரைகளுக்குக் குதிரை, துரைகளின் பியானோவுக்கும் பீங்கானுக்கும் கூலிக்காரர் தலை. முதல் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மோட்டார் ரஸ்தா திறக்கும் வரை இதே கதைதான். ரஸ்தா ஏரி வரைக்கும் வந்ததே தவிர, தோட்டம் துரவுக்கெல்லாம் போகவில்லை. பூம்பாறைப் பக்கத்துப் படிக்கட்டு வயல்களிலிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும், கீழ்ப் பழநி மலையிலிருந்து காப்பியும் மலை வாழையும், லாரி நிற்கிற இடம் வரைக்கும் குதிரை முதுகில்தான் இறங்கின.

பழநிப் பஞ்சாமிர்தம் வாங்காமல் வருகிற வீடு உண்டா? அதற்கு உயிரே விருப்பாட்சி மலை வாழைப்பழம். விருப்பாட்சி வாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு என்ற முத்திரை கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது. கோடைக்கானல் மலைப் பூண்டுக்கும் அதே வருஷம். மூட்டைக்கெல்லாம் முத்திரை விழுந்துவிட்டது. மூட்டை தூக்கியவன் பெயரை யாரும் கேட்கவில்லை.

இந்த மட்டக் குதிரைகள் மலைக்கு எப்படி வந்தன? ஒரே வாசல் வழியாக வந்திருக்க முடியாது. தென்னாட்டில் எப்போதும் புழங்கிய நாட்டுத் தட்டுவாணிக் குதிரை ஒரு பக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் பர்மாவிலிருந்து வந்த பெகு மட்டம் ஒரு பக்கம். ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைப் பட்டாளத்துக்குக் கப்பலில் வந்த ‘வேலர்’ ஜாதி இன்னொரு பக்கம். வேலர் என்றதும் பழநியாண்டவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். இதில் எது எவ்வளவு இந்த மலைக் குதிரையின் ரத்தத்தில் கலந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நம் நாட்டு ராஜாக்கள் குதிரைக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: காயல் துறையில் வருஷந்தோறும் ஆயிரக் கணக்கில் அரபுக் குதிரைகள் இறங்கின, ராஜா ஒருவரே இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினார், வருஷக் கடைசியில் நூறு தேறுவதே அபூர்வம். பக்குவம் தெரியாமல் குதிரைக்குச் சோறும் கறியும் சமைத்துப் போட்டார்களாம்! குதிரை வைத்தியர் யாராவது இந்தப் பக்கம் வந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று வியாபாரிகள் அவர்களை வரவொட்டாமல் பார்த்துக்கொண்டார்களாம். நல்ல ஜாதி ஆணையும் நல்ல ஜாதிப் பெண்ணையும் சேர்த்தாலும் இந்த ஊரில் கோணல் கால் குட்டிதான் பிறக்கிறது என்றும் ஒரு போடு போடுகிறார். பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாபும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறார். மாணிக்கவாசகர் கதையில் வந்த குதிரைகளெல்லாம் ராத்திரியில் நரியாகிப் போயின. மதுரைக் கஜானாவுக்கோ வருஷா வருஷம் அதே திருவிளையாடல்!

அவ்வளவு பொன் கொட்டியும் அந்தக் கோமான்களின் குதிரைகளிலிருந்து தமிழ் நாட்டுக்கென்று ஒரு ஜாதி நிலைக்கவில்லை. யாரும் பொன் கொடுக்காத பொதிக் குதிரைகள் மலையிலே நிலைத்தன. அங்கே சோறு சமைத்துப் போட ஆளில்லை. குளிரும் செங்குத்தும் தாங்கியது குட்டி போட்டது, தாங்காதது போயிற்று. மஸ்டாங் உருவானதும் இதே சமையலறையில்தான்.

நிஜமாகவே காட்டில் திரிகிற ‘பட்டிக் குதிரை’யைத் தமிழ் பேசும் மண்ணில் பார்க்க வேண்டுமானால், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவுக்குப் படகேற வேண்டும். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து விட்டவை. டச்சுக்காரர் லாயம் கட்டிப் பெருக்கியவை. ஆங்கிலேயர் காலத்தில் பண்ணையை மூடியபோது குதிரைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். லாயத்தின் கல் தூண்கள் இடிந்து நிற்கின்றன. குதிரைகள் புல்வெளியில் மந்தையாகத் திரிகின்றன. கோடையில் தண்ணீருக்குத் தவிக்கிற தவிப்பு மட்டும் பார்க்கச் சகிக்காது. நம் கோடியக்கரைச் சரணாலயத்திலும் அவிழ்த்து விட்ட மட்டக் குதிரைகளின் சந்ததி உண்டு. அங்கே கதை வேறு: 1967-ல் வெளிமான்களுக்காக ஏற்பட்ட சரணாலயம் அது. மானின் புல்லைக் குதிரை மேய்கிறதே என்று வனத் துறைக்குக் கவலை. அமெரிக்காவிலும் இதே தகராறுதான். 1971-ல் காட்டுக் குதிரைகளைக் காக்கச் சட்டம் போட்டார்கள். அதற்காகப் பல வருஷம் ஊர் ஊராகப் போராடியவர் வெல்மா ஜான்ஸ்டன் என்ற ஆபீஸ் உத்தியோகப் பெண்மணி. இப்போது மந்தை பெருகி, புல் போதாமல், பிடித்து அடைத்துத் தீனி போடுகிற செலவு அரசாங்கத்தின் கழுத்தை நெரிக்கிறது. அன்பு இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்று நம் வீட்டு எஜமானிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மலைக் குதிரைக்கு வருகிறேன். நம் தேசத்தில் இன்னின்ன ஆடு மாடு குதிரை தனி இனம் என்று பரிசோதித்துப் பதிவு செய்கிற ஸ்தாபனம் ஹரியானாவில், கர்னாலில் இருக்கிறது. அதன் குதிரைப் பட்டியலில் மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி, ஸ்பிதி, ஜான்ஸ்காரி, பூட்டியா எல்லாம் உண்டு. தமிழ் நாட்டுக் குதிரை ஒன்றுகூடக் கிடையாது. மாட்டிலே காங்கயம் இருக்கிறது; நாயிலே ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன. காங்கயம் காளைக்கு அந்தக் கீர்த்தி சும்மா வரவில்லை. பாளையக்கோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தது. பழநியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். குதிரைக்கு ஒரு பட்டக்காரர் வாய்க்கவில்லை.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மகாராஷ்டிரத்தில் பீம்தடி என்றொரு குதிரை. மராட்டியக் குதிரைப் படையின் முதுகெலும்பு. அது அற்றே போய்விட்டது என்று புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். பார்த்தால், ஆடு மேய்த்து ஊர் ஊராகப் போகிற தன்கர் ஜனங்களின் சட்டி பானை மூட்டைகளைச் சுமந்துகொண்டு கண்ணெதிரே நடந்து போய்க்கொண்டிருக்கிறது! ரத்தத்தைப் பரிசோதித்தார்கள், தனி இனம் என்று தெரிந்தது, சில வருஷங்களுக்கு முன் பட்டியலில் ஏறிவிட்டது. பழநி மலைக் குதிரைக்கும் அப்படி நடக்கும் என்று நான் ஜோஸ்யம் சொல்லவில்லை. பரிசோதித்தால் பத்து ஊர்க் கலப்பு என்றே தெரியலாம். அதனால் என்ன? ஜீப்புப் பாதை ஒவ்வொரு கிராமமாகப் போகப் போக, பொதிக் குதிரைக்கு வேலை குறைகிறது. வேலை இல்லாத குதிரைக்கு யார் கொள் வாங்கிப் போடுவார்கள்? வெள்ளகவிப் பெண்களுக்குப் பிரசவத்துக்கு ஜீப் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, பாதை வரட்டும். அதற்குள் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்த மலையைச் சுற்றி வந்தால் தேவலை.

ஒரு சின்ன விஷயம். அப்பன் பெயர் தெரியாவிட்டால் வம்சமே இல்லை என்று நினைப்பது இங்கிலீஷ்காரர் வழக்கம். பாலைவனத்து அரபு மக்கள் தங்கள் குதிரையின் குலத்தைத் தாய் வழியாகவே சொல்லி வந்தார்கள். யுத்தத்துக்கு ஏறிப் போவதும் பெண் குதிரைதான். விற்கச் சொன்னால் கூடாரத்தை விற்றாலும் விற்பார்களே தவிர, அதை விற்க மாட்டார்கள். பதினோரு மாதம் சுமந்து, ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. யார் ஈன்றது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

கிளம்புகிற நாள் மறுபடி ஏரிக்கரை. ராஜி நோட்டுப் புத்தகத்தோடு நேரே அந்தக் குதிரைக்காரரிடம் போனாள்.

“அன்னிக்கு ஆத்தாளைத் தெரியும்னீங்களே, சொல்லுங்க.”

அவர் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே சொன்னார். “இது பேரு ராணி. இதோட ஆத்தா சிட்டு. நெத்தியிலே வெள்ளைச் சுட்டி. என் கலியாணத்துக்கு முந்தின வருசம் பிறந்தது. சிட்டோட ஆத்தா கருப்பாயி. பண்ணைக்காட்டிலே காப்பி மூட்டை சுமந்துக்கிட்டு இருந்துச்சு, எங்க ஐயா வாங்கியாந்தாரு. கருப்பாயிக்கும் மேலே கேக்கணும்னா எங்க ஐயா இருந்தாத்தான் பாப்பா.”

ராஜி மூன்று பெயரையும் எழுதி, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோடு போட்டாள். சிட்டுவின் நெற்றியில் ஒரு சுட்டியும் வரைந்தாள்.

பஸ்ஸில் இறங்கி வரும்போது அக்காள் ஸ்ரீரங்கத்துப் பெரியம்மாவுக்கு டெலிபோன் செய்து, தொட்டியத்துப் பாட்டியின் பெயரைக் கேட்டாள். பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. வெகு நேரம் யோசித்துவிட்டு, “அம்மாள் என்று முடியும்” என்றாள். எங்கள் வீட்டு விருட்சத்தில் அந்த இடத்தில் ‘தொட்டியம்’ என்று பென்சிலில்தான் எழுதியிருக்கிறது.